பத்தொன்பது துளி மெழுகு

மன்னார்ப் பட்டினத்தில், பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், கரையோரப் பண்பாட்டு இணைப்பு அதிகாரசபையின் வட்டாரக் கந்தோர் இருக்கிறது. கரையோரத்தையும் பண்பாட்டையும் எதனோடு இணைப்பது என்று அதன் சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. ஆனாலும் ஒன்பது வருஷமாகக் கந்தோர் காலை எட்டரைக்குத் திறந்து பின்னேரம் நாலேகாலுக்குப் பூட்டப்படுகிறது. திறப்பதும் பூட்டுவதும் திரேசம்மா. தேத்தண்ணி ஊற்றுவது, கோப்புத் தூக்குவது, வாசலில் வந்து படுத்துக்கொள்ளும் கழுதைகளை எழுப்பி அனுப்புவது எல்லாம் அவர்தான். மிச்ச வேலைகளை மிச்சப் பதினொரு பேரும் செய்கிறார்கள் என்று சொல்லிக்கொள்வார்கள்.

திரேசம்மாவின் வீடு நானாட்டானில். காலை ஆறேகால் பஸ்ஸில் ஏறினால் பின்னேரம் ஆறு மணிக்குத்தான் திரும்ப வீட்டுப் படலையைத் திறக்கலாம். அந்தப் பன்னிரண்டு மணித்தியாலமும் அவருடைய புருஷன் அமிர்தநாயகம் ஒரு சாய்மனைக் கதிரையில் இருப்பார். நாலு வருஷத்துக்கு முதல் உழவு இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன். ஒருநாள் வயலுக்குள்ளேயே பாரிசவாதம் அடித்து இடப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கனகம்மா மத்தியானம் வந்து இரண்டு வாய் சோறு தீத்திவிட்டுப் போவார். அவருக்கும் வயல் இருக்கிறது, மாடு இருக்கிறது.

அதிகாரசபைக்கு நானாட்டானிலும் ஓர் உப கந்தோர் உண்டு. திரேசம்மாவின் வீட்டிலிருந்து நடந்தால் எட்டு நிமிஷம். அங்கே மாற்றம் கேட்டு நாலு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். பதில் வராத கடிதத்தின் பிரதியை இணைத்து அடுத்த கடிதம், அதன் பிரதியை இணைத்து அதற்கடுத்த கடிதம் என்று அந்தக் கோப்பு வீங்கிப்போய், கடைசியில் அவரே அதைத் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போகவேண்டியதாயிற்று.

இந்த நிலையில்தான் ஒக்டோபர் இரண்டாம் திகதி புதிய கூட்ட மண்டபம் திறக்கப்பட்டது.

மண்டபத்தில் கொழும்பிலிருந்து வந்த சிவப்புக் கம்பளம் சுவருக்குச் சுவர் விரிக்கப்பட்டிருந்தது. நடுவில் குத்துவிளக்கு. விளக்கில் ஐந்து திரி. விளக்கேற்ற அழைத்த பிரமுகர்கள் பதினேழு பேர். எல்லாச் சமயத்துக்கும் எல்லாத் திணைக்களத்துக்கும் ஆள் வேண்டும், ஒருவரையும் விடமுடியாது. உதவிப் பணிப்பாளர் யசோதரன் இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஒருவர் திரியை ஏற்றிப் படம் எடுத்து முடிந்ததும், திரேசம்மா பின்பக்கமாகக் குனிந்து வந்து அந்தத் திரியை ஊதி அணைக்கவேண்டும். அடுத்தவர் வந்து அதையே ஏற்றுவார்.

அப்படியே நடந்தது. மெழுகுதிரி கைமாறிக் கைமாறிப் பதினேழு கைக்கும் போய்வந்தது. ஒவ்வொருவரும் அதைப் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்த்தார்களே தவிர மெழுகுதிரியைப் பார்க்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் பற்றீஸ் சாப்பிடப் போனபிறகு திரேசம்மா கம்பளத்தைப் பார்த்தார். ஏழு இடத்தில் வெள்ளை மெழுகு சொட்டி உறைந்திருந்தது.

திரேசம்மாவுக்கு இது ஒரு விஷயமேயில்லை. நானாட்டான் பக்கத்துக் கோவிலில் பீடத்துக் கம்பளத்தை இருபது வருஷமாகத் துப்பரவாக்குகிறவர் அவர். ஈஸ்டர் பாஸ்கு இரவுக்கு அடுத்தநாள் அந்தக் கம்பளத்தில் ஊரே சொட்டிவிட்ட மெழுகு கிடக்கும். ஐஸ்கட்டியை வைத்து மெழுகை இறுகப்பண்ணி, கரண்டிப் பிடியால் நெம்பிப் பெரிய துண்டுகளை எடுக்கவேண்டும். மிச்சத்துக்கு மேலே பிறவுண் கடதாசியைப் போட்டு, அளவான சூட்டில் அயன் பெட்டியை மெல்ல ஓட்டினால் கடதாசி மெழுகைக் குடித்துவிடும். ஒருமுறை பழைய பேப்பரைப் போட்டு, ஒரு மரண அறிவித்தல் முழுதாகப் பீடத்துக் கம்பளத்தில் அச்சாகி, சுவாமியாரிடம் ஏச்சு வாங்கியதிலிருந்து அச்சடித்த கடதாசியை அவர் தொடுவதில்லை.

அடுத்தநாள் காலை தன் அயன் பெட்டியையும் நாலு முழம் பிறவுண் கடதாசியையும் பையில் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் காவலாளி பைசர் பையைத் திறந்து பார்த்து, 'அயன் பெட்டி ஒன்று, கம்பளம் துப்பரவுக்காக உள்ளே வந்தது' என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

மண்டபத்துக்குள் போய் முழங்காலில் இருந்தவரைத் தலைமைக் கிளாக்கர் ஜவாஹிர் ஓடிவந்து தடுத்தார்.

"அக்கா, அக்கா, தொடாதீங்கோ!"

"ஏன் தம்பி? பத்து நிமிஷ வேலை."

"அதுதான் பிரச்சினை. யசோதரன் சேர் கண்டிட்டார். கொழும்புக்கும் அறிவிச்சிட்டார். இனி இது மெழுகில்லை அக்கா, சம்பவம்."

ஜவாஹிர் கெட்ட மனுஷன் இல்லை. இருபத்தாறு வருஷம் கந்தோரில் இருந்தவர், அவ்வளவுதான். அவர் கையில் ஒரு கடிதமும் இருந்தது. அதைக் கொடுக்கும்போது அவர் முகத்தில் சந்தோஷமும் சங்கடமும் சேர்ந்து நின்றன.

மாற்றம் கிடைத்திருந்தது. நானாட்டான் உப கந்தோர். ஒக்டோபர் முப்பத்தொராம் திகதிக்குள் இக்கந்தோரிலிருந்து விடுவிக்கப்படவேண்டும், தவறினால் மாற்றம் இரத்தாகி வரிசையில் அடுத்தவருக்குப் போகும். திரேசம்மா கடிதத்தை மூன்றுதரம் வாசித்தார். அழுகை வந்தது. கந்தோரில் அழுவது அவருக்குப் பிடிக்காது, ஆனாலும் அழுதார்.

"ஆனால் அக்கா," என்று ஜவாஹிர் இழுத்தார். "மண்டபத்துச் சாமான் முழுக்க உங்கட பொறுப்பில இருக்கு. கதிரை நாப்பது, விளக்கு ஒண்டு, காப்பெட் ஒண்டு. இருந்தபடி ஒப்படைச்சாத்தான் விடலாம்."

"நான் கதிரைக்குத்தானே கையெழுத்து வச்சனான்?"

"கதிரை காப்பெட்டுக்கு மேலதானே நிக்குது."

அன்று மத்தியானமே கடைத்தெருவுக்குப் போய் ஒரு முழ நீளத்தில் நல்ல மெழுகுதிரி ஒன்று வாங்கினார் திரேசம்மா. விடுவிப்புக் கடிதம் கிடைக்கிற அன்று நேரே மடுக் கோவிலுக்குப் போய் மாதாவுக்கு முன்னால் அமிர்தநாயகத்துக்காக அதை ஏற்றுவதாக நேர்ந்து கைப்பையில் வைத்துக்கொண்டார். பின்னேரம் அயன் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோகப் பார்த்தபோது பைசர் மறித்தார். "துப்பரவுக்கெண்டு உள்ள வந்தது அக்கா. துப்பரவு முடியேல்ல. பிறகெப்பிடி வெளிய விடுறது?" அயன் பெட்டி களஞ்சிய அறைக்குப் போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை மெழுகு விசாரணைக் குழு கூடியது. தலைவர் உதவிப் பணிப்பாளர். அங்கத்தவர்கள் ஜவாஹிரும், படம் கீறத் தெரிந்த தொழில்நுட்ப உதவியாளர் நிவேதிகாவும். யசோதரன் எழும்பி நின்று பேசினார். மூன்று பேருக்குப் பேசுவதற்கும் அவர் ஒலிவாங்கி வைத்துக்கொள்வார்.

"அன்பானவர்களே, சிலபேர் கேட்கலாம், இது ஒரு சின்ன மெழுகுதானே, உடனே எடுத்துவிடலாமே என்று. நான் அவர்களிடம் கேட்கிறேன், எடுத்துவிட்டால் பிறகு நாங்கள் என்ன செய்வது? இந்த அதிகாரசபை ஆரம்பித்து ஒன்பது வருஷமாகிறது. இந்த ஒன்பது வருஷத்தில் எங்களைத் தேடி வந்த முதலாவது பிரச்சினை இது. அதைப் பத்து நிமிஷத்தில் தீர்த்து அனுப்புவது, வீடு தேடி வந்த விருந்தாளியை வாசலோடு திருப்பி அனுப்புவது போல."

ஜவாஹிர் கைதட்டினார். நிவேதிகாவும் தட்டினார். தேத்தண்ணித் தட்டோடு நின்ற திரேசம்மாவால் தட்டமுடியவில்லை.

எந்தப் பிரமுகரின் கையிலிருந்து மெழுகு விழுந்தது என்பதுதான் முதல் கேள்வி. பிரமுகர்களைத் திருப்பிக் கூப்பிடமுடியாது என்றபடியால் கந்தோர் ஆட்களே பதினேழு பேராகவும் நடித்து விளக்கேற்றலைத் திரும்பச் செய்து பார்ப்பதென்று தீர்மானமானது. பதினொரு பேர்தான் இருந்தார்கள். ஆறு பேர் இரண்டுதரம் வந்தார்கள். திரேசம்மா திரேசம்மாவாகவே நடித்து, திரும்பவும் குனிந்து வந்து திரும்பவும் திரியை ஊதினார். முதலில் கொளுத்தாத மெழுகுதிரியோடு செய்தார்கள். அதில் ஒன்றும் விழவில்லை. கொளுத்தாவிட்டால் ஆய்வு செல்லாது என்று யசோதரன் கண்டுபிடித்தார். கொளுத்திச் செய்தார்கள்.

ஏழு துளி பத்தொன்பதாயிற்று.

எல்லோரும் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யசோதரன்தான் முதலில் தெளிந்தார். "நல்லது. இப்ப ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்கு எங்களிட்ட மாதிரி இருக்கு," என்றார். ஆனால் எது பழசு எது புதுசு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நிவேதிகா பத்தொன்பதையும் ஒரு படத்தில் குறித்து இலக்கமிட்டார். மெழுகுதிரி அரசாங்கத்தினுடையது, ஆகவே மெழுகும் அரசாங்கத்தினுடையது என்ற நியாயத்தின்படி, 'மெழுகுத் துளி – பத்தொன்பது' என்று மண்டபத்துச் சாமான் பட்டியலில் கம்பளத்துக்குக் கீழே ஏற்றப்பட்டது. பொறுப்பு, திரேசம்மா.

ஒரு கிழமை கழித்து அறிக்கை வந்தது. மெழுகு மேலிருந்து கீழ்நோக்கி விழுந்திருப்பதாகவும், அது இயற்கை என்பதால் எந்தப் பிரமுகரும் உத்தியோகத்தரும் அதற்குப் பொறுப்பல்ல என்றும் அறிக்கை கண்டறிந்திருந்தது. ஆனால் மெழுகு விழுந்த நேரத்தில் கம்பளம் விலகவில்லை என்றும், கம்பளத்துக்குப் பொறுப்பானவர் திரேசம்மா என்றும் கடைசிப் பந்தியில் இருந்தது.

அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். கம்பளத்துக்கு முன் குந்தியிருந்து, நாலாம் இலக்கத் துளியில் நகத்தால் ஒரு நுள்ளு எடுத்து, கண்ணாடிப் போத்தலில் போட்டுக்கொண்டு போனார். பத்து நாளில் பதினாலு பக்கத்தில் பதில் வந்தது. இப்பொருள் பெரும்பாலும் மெழுகாக இருக்கலாம். இதைச் சூடு காட்டி அகற்றலாம். ஆனால் அவசரப்படக்கூடாது.

"சூடு காட்டிறதுக்கு என்ர அயன் பெட்டி களஞ்சியத்தில கிடக்குதே சேர்," என்றார் திரேசம்மா.

யசோதரன் அவரைப் பரிவோடு பார்த்தார். "அது தனியாள் சாமான் திரேசம்மா. அரசாங்க மெழுகை எப்பிடித் தனியாள் பெட்டியால எடுக்கிறது? நாளைக்கு ஆராவது கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

ஒன்பது வருஷத்தில் அந்தக் கந்தோரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இதைச் சொல்ல திரேசம்மாவுக்கு அலுப்பாக இருந்தது. தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார்.

இருபத்தெட்டாம் திகதி காலை பதினொரு மணிக்குக் கனகம்மாவின் போன் வந்தது.

"திரேசம்மா, பயப்பிடாதை. அண்ணை கதிரையிலயிருந்து வழுகி விழுந்திட்டார். எப்ப விழுந்தவரோ தெரியேல்ல, நான் இப்பதான் வந்தனான். தூக்கி இருத்தியாச்சு. காயம் ஒண்டும் பெரிசா இல்லை."

"என்னவாம் சொல்லுறார்?"

"ஒண்டும் சொல்லேல்ல. தண்ணி கேட்டவர். நாக்கு வறண்டு போச்சுது பாவம்."

திரேசம்மா அரைநாள் லீவு கேட்டார். விசாரணை நடக்கும்போது பொறுப்பாளர் நிலையத்தை விட்டு நீங்கக்கூடாதாம். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது அமிர்தநாயகத்தின் கன்னத்தில் சீமெந்துத் தரையின் தடம் இன்னும் இருந்தது. எவ்வளவு நேரம் கிடந்தீர்கள் என்று கேட்கப் பயமாயிருந்தது. கேட்கவில்லை. இரவு பாயில் படுத்தபோது திரேசம்மாவுக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது. முப்பத்தொராம் திகதிக்கு மூன்று நாள் இருந்தது. மெழுகுக்குப் பத்து நிமிஷம் போதும்.

இருபத்தொன்பதாம் திகதி மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்த நேரம், களஞ்சியத்தைத் திறந்து அயன் பெட்டியை எடுத்தார். திறப்புக் கொத்து அவரிடம்தானே இருந்தது. மண்டபக் கதவை உள்பக்கமாகப் பூட்டினார். தேத்தண்ணி அறைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஐஸ், ஒரு கரண்டி, பிறவுண் கடதாசி. முழங்காலில் இருந்து ஒவ்வொரு துளியாகப் போனார். கடதாசியில் மெழுகு ஊறி எண்ணெய்த் திட்டாகப் பரவியது. பழைய துளி, புதிய துளி எல்லாம் ஒரேமாதிரித்தான் கழன்றன. கடைசியில் புருஷனின் புண்ணுக்குப் பூசுகிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தார். இருபத்தைந்து நிமிஷத்தில் கம்பளம் கொழும்பிலிருந்து வந்த அன்று இருந்தமாதிரி இருந்தது. அதைப் பார்க்க அவருக்கே பெருமையாக இருந்தது. மிச்சம் ஐந்து நிமிஷத்தில் சோற்றையும் சாப்பிட்டார்.

முப்பதாம் திகதி காலை விசாரணைக் குழு மண்டபத்துக்குள் போனது. போன வேகத்திலேயே வெளியே வந்தது.

"மெழுகைக் காணேல்ல!" என்றார் யசோதரன். "பத்தொன்பதும் இல்லை!"

"காப்பெட் துப்பரவா இருக்கு சேர்," என்று நிவேதிகா மெல்லச் சொன்னார். "அதுதானே எங்கட…"

"துப்பரவா இருக்கிறதைப் பற்றி ஆர் இப்ப கதைக்கிறது? பட்டியலில இருக்கிற அரசாங்கச் சொத்து காணாமல் போயிருக்கு. திங்கக்கிழமை கொழும்பிலயிருந்து ஒரு குழு இதைப் பார்க்க வருது. வந்து எதைப் பார்க்கிறது? கம்பளத்தையோ?" அவர் கதிரையில் இருந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஒரு பிரச்சினையை என்ர அனுமதி இல்லாமல் ஆர் தீர்த்தது? இப்பிடி ஆளாளுக்குத் தீர்க்க வெளிக்கிட்டால் இந்தக் கந்தோர் என்னத்துக்கு?"

அவரவர் தங்கள் மேசைக்குப் போய்க் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டார்கள்.

பின்னேரம் ஜவாஹிர் திரேசம்மாவைத் தேத்தண்ணி அறையில் பிடித்தார்.

"ஏனக்கா இப்பிடிச் செய்தனீங்கள்?"

"காப்பெட்டை இருந்தபடி ஒப்படைக்கச் சொன்னனீங்கள். ஒப்படைக்கிறன்."

"அது மெழுகு பட்டியலில ஏற முந்தின கதை. இப்ப இருந்தபடி எண்டால் மெழுகோட இருந்தபடி." ஜவாஹிர் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்துச் சீனிப் போத்தலுக்குக் கீழே வைத்தார். நிவேதிகா கீறிய படத்தின் பிரதி. பத்தொன்பது புள்ளியும் இலக்கத்தோடு இருந்தன. "நாளைக்கு வெள்ளிக்கிழமை. நான் பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்குத் தொழப் போயிடுவன். சேரும் வெள்ளியில வெளியதான் சாப்பிடுறவர். நான் ஒண்டும் சொல்லேல்ல அக்கா. இதை இஞ்ச மறந்துபோய் விட்டிட்டன், அவ்வளவுதான்."

திரேசம்மா படத்தைப் பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் தெம்பு இல்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மண்டபக் கதவை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டார். கந்தோரில் மெழுகுதிரி தீர்ந்துபோயிருந்தது. ஆய்வுக்கே எல்லாம் எரிந்துவிட்டது. கடைக்குப் போய் வாங்கிவந்தால் பைசர் புத்தகத்தில் எழுதிவிடுவார். கைப்பையைத் திறந்தார். ஒரு மாதமாகப் பஸ்ஸில் நானாட்டானுக்கும் மன்னாருக்குமாக அலைந்த மடு மெழுகுதிரி கடதாசிச் சுற்றோடு கிடந்தது.

கடதாசியைப் பிரித்து அதை வெளியே எடுத்தார். பிறகு, "மாதாவே, நீதான் பாக்கிறாயே," என்று சொல்லிக் கொளுத்தினார்.

சொட்டவைப்பது எடுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. பிரமுகர்கள் கமராவைப் பார்த்துக்கொண்டு அநாயாசமாகச் செய்ததை, இவர் படத்தைப் பார்த்து, சாணளந்து, மூச்சை அடக்கிச் செய்யவேண்டியிருந்தது. ஒவ்வொரு துளிக்கும் புருஷனுக்காக ஒரு மன்றாட்டுச் சொன்னார். நாலாம் இலக்கத்தில், நிபுணர் நுள்ளிக்கொண்டு போன இடம் ஞாபகம் வந்து, நகத்தால் ஒரு ஓரத்தைக் கிள்ளிவிட்டார். கை தவறி இருபதாவதாக ஒன்று விழுந்தது. அதைச் சூடாறமுன் வழித்தெடுத்து வாளியில் போட்டார்.

இரண்டரை மணிக்கு விசாரணைக் குழு படத்தை விரித்துவைத்து எண்ணியது. இரண்டுதரம் எண்ணியது. பத்தொன்பது.

யசோதரனுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "பாத்தீங்களோ?" என்றார். "ஒழுங்கா விசாரிச்சால் காணாமல் போனது தன்ர பாட்டில வரும். இதுதான் நிர்வாகம்." எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு குழு போடவேண்டும், திகதியோ முப்பத்தொன்று. கம்பளம் ஒன்று, மெழுகுத் துளி பத்தொன்பது, எல்லாம் இருந்தபடி பொறுப்பேற்கப்பட்டது என்று கையெழுத்து வைத்தார். அடுத்த கடதாசியில் விடுவிப்புக்கும் கையெழுத்து வைத்தார்.

"போறதுக்கு முதல் ஒரு சின்ன விஷயம் திரேசம்மா. தை மாசம் இந்த மண்டபத்தில ஒரு செயலமர்வு வைக்கிறம். கம்பளத்தில் மெழுகு விழாமல் காப்பது எப்படி என்று. கொழும்பிலயிருந்தும் ஆக்கள் வருகினம். நீங்கள் கட்டாயம் வந்து விளக்கேத்தோணும்."

"ஓம் சேர்," என்றார் திரேசம்மா.

வாசலில் பைசர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து, துப்பரவு முடிந்ததா என்று கேட்டார். முடியவில்லை என்று திரேசம்மா உண்மையைச் சொன்னார். மெழுகு அங்கேதான் இருந்தது. அயன் பெட்டியை விட்டுவிட்டுக் கைப்பையோடு பஸ் ஏறினார்.

வீட்டுப் படலையைத் திறந்தபோது அமிர்தநாயகம் கதிரையில் கொஞ்சம் சரிந்தபடி இருந்தார். அவரை நிமிர்த்தி இருத்தி, முகம் துடைத்து, கடிதத்தை மடியில் வைத்தார். அவர் வலக்கையால் அதைப் பிடித்து மெதுவாக எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"திங்கக்கிழமையிலயிருந்து மத்தியானம் நான்தான் சோறு தீத்துவன்," என்றார் திரேசம்மா.

அவர் தலையாட்டினார். பிறகு திறந்து கிடந்த கைப்பையைப் பார்த்தார்.

"திரேசு… மடுவுக்கெண்டு… வச்ச மெழுகுதிரி எங்க?"

"அதைக் கந்தோருக்கு எரிச்சிட்டன்."

"என்னத்துக்கு?"

திரேசம்மா அவருடைய காலடியில், அவர் விழுந்து கிடந்த அதே சீமெந்துத் தரையில் இருந்துகொண்டு முழுக்கதையையும் சொன்னார். கழற்றினது, அவர்கள் காணவில்லை என்று தவித்தது, திரும்பச் சொட்டினது, நாலாம் இலக்கத்தைக் கிள்ளினது எல்லாம். சொல்லச் சொல்ல அமிர்தநாயகத்தின் முகத்தில் ஏதோ நடந்தது. வாயின் வலப்பக்கம் மெல்ல மேலே போயிற்று. இடப்பக்கம் அப்படியே தொங்கியபடி இருந்தது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு வந்த சத்தம் என்றபடியால், அது சிரிப்பு என்று விளங்கத் திரேசம்மாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.